மூலம் என்று சொல்ல வாய் வராத கோடை

ஜமாபந்தி நடந்த வாரத்தில்தான் எனக்கு அது வந்தது.

நான் கிராம நிர்வாக அலுவலர். குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு முறை, கோடையில், எல்லாக் கிராமத்துக் கணக்குகளையும் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோய் மேலதிகாரி முன்னால் சரிபார்க்க வேண்டும். அதுதான் ஜமாபந்தி. பட்டா மாற்றம், எல்லைத் தகராறு, முதியோர் பென்ஷன் என்று ஜனங்கள் மனுவோடு வந்து வரிசையில் நிற்பார்கள். காலையில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது.

முடியாது என்பது பாதி உண்மை. எழுந்து போக ஓர் இடம் இருந்தது. அங்கே போக எனக்கு மனசு வரவில்லை என்பது மீதி.

கட்டடத்தின் பின்பக்கம், உடைந்த பீரோக்களைப் போட்டு வைத்திருக்கும் தாழ்வாரத்தின் கடைசியில், பெண்களுக்கென்று ஒரே ஒரு கழிப்பறை. தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாயில் தண்ணீர் வராது. பாசி பிடித்த பிளாஸ்டிக் டிரம்மில் கொசுப்புழு நெளியும். மக்கின் கைப்பிடி வழவழவென்று இருக்கும். ஜன்னல் கம்பிக்கு நடுவே யாரோ பேப்பரில் சுற்றிச் செருகிய நாப்கின்கள் காய்ந்து கிடக்கும். அந்த நாற்றம் மூக்கோடு நிற்காது, நாக்கில் வந்து உட்காரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை உள்ளே போய், போன காரியத்தைச் செய்யாமல் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். அதோடு சரி.

பக்கத்துக் கிராமத்தைப் பார்க்கும் அக்கா எனக்கு சீனியர். அவர்தான் வழி சொன்னார்.

"தண்ணியே குடிக்காத. குடிச்சாத்தானே போகணும்?"

ஆபீசில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள். எனக்கு அது சிரமமாகவே தெரியவில்லை. என் அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலை செய்தவர்கள். நாங்கள் குடியிருந்த தெருவில் ஒரு வீட்டிலும் கழிப்பறை இல்லை. விடியுமுன் வாய்க்கால் கரைக்குப் போவோம். கருவை முள்மரங்களின் மறைவில், ஏற்கனவே பத்துப் பேர் உட்கார்ந்து போன இடத்தில், செருப்பில்லாத காலை எங்கே வைப்பது என்று தேடுவேன். பன்றிகள் வந்து பக்கத்திலேயே நிற்கும். அதை யாராவது இனிய நினைவு போலப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். வேலை கிடைத்துக் கல்யாணமாகி வீடு கட்டியபோது, கூடத்துக்குச் சாதாரணத் தரை போட்டாலும் பாத்ரூமுக்கு வெள்ளை டைல்ஸ் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அதைத் தினமும் நானே தேய்ப்பேன். எவ்வளவு முட்டினாலும் அங்கே வந்துதான் போவேன்.

அந்தக் கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. பகலில் தண்ணீர் கிடையாது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, ரசம், அப்பளம். காலையில் கழிப்பறையில் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. கையில் போன். ஆபீஸ் வாட்சப் குரூப்பில் எந்தக் கிராமத்துக்கு என்றைக்கு விசாரணை என்று வந்துகொண்டே இருக்கும். படித்துக்கொண்டே முக்குவேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இன்னும் பலமாக முக்குவேன். கருங்கல் ஜல்லி மாதிரி வந்து விழும்.

அப்படி ஒரு காலையில்தான், கழுவும்போது, விரலில் ஏதோ இடித்தது.

ஊறவைத்த மொச்சைக் கொட்டை அளவுக்கு, கெட்டியாக, விண்ணென்று ஒன்று. நேற்றுவரை அங்கே இல்லாதது. தொட்டதும் சுருக்கென்று வலி முதுகுவரை ஏறியது. வலியைவிட முதலில் வந்தது கூச்சம். சூடு பட்ட மாதிரி கையை உதறினேன். சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். அப்படியும் அந்த விரல் என்னுடையதில்லை என்று தோன்றியது. அன்று மத்தியானம் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வருவதற்கு முன்பு, அவர் ஷேவ் செய்யும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்ப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். பழுத்த நாவல்பழம் மாதிரி, கருநீலமாக, பளபளவென்று வீங்கி, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது என் உடம்பில் இருந்தது என்பதைவிட, என் உடம்புதான் அது என்பது தாங்க முடியவில்லை. கண்ணாடியைப் பினாயில் ஊற்றிக் கழுவி வெயிலில் வைத்தேன்.

"கண்ணாடி ஏன் வெளியில கெடக்கு?" என்றார் அவர் வந்ததும்.

"அழுக்கா இருந்துச்சுங்க."

"நீ ஏன் நின்னுக்கிட்டே இருக்க?"

"இடுப்பு பிடிச்சிருக்கு."

அவர் கூட்டுறவு வங்கியில் கிளார்க். நல்ல மனுஷர். உடனே தைலத்தை எடுத்து இடுப்பில் தேய்த்துவிட்டார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருந்தும் அந்த வார்த்தையை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மூலம். எங்கள் பக்கத்தில் அது வியாதியின் பெயர் இல்லை, கேலி. ஒருத்தன் சாய்ந்து உட்கார்ந்தால், "என்னடா, மூலமா?" என்று நாலு பேர் சிரிப்பார்கள்.

ஜமாபந்தியில் நாற்காலியின் விளிம்பில், ஒரு பக்கத் தொடையில் மட்டும் எடையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வலி நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தது. உள்ளாடை உரசுவது அரம் போட்டு அராவுவது போல இருந்தது. வியர்வை, பிசுபிசுப்பு, அரிப்பு. என்னிடமிருந்து நாற்றம் வருகிறதோ என்று நினைத்து நினைத்து, மனு கொடுக்க வந்தவர்கள் குனிந்தாலே பின்னால் நகர்ந்துகொண்டேன். போனில் தேடியபோது புற்றுநோய் என்ற வார்த்தைதான் முதலில் கண்ணில் பட்டது. போனை மூடிவிட்டேன்.

அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"உட்கார்ற தினுசப் பாத்தாலே தெரியுது. எனக்கும் ரெண்டாவது பிள்ளைக்கப்பறம் வந்துச்சு. சீர்காழி போற ரோட்டுல ஒருத்தர் இருக்காரு. ஆபரேஷன் இல்லாமலே எடுத்துடுவாராம். எங்க வீட்டுக்காரரோட மாமா போனாரு."

"அக்காவும் அங்கதான் போனீங்களா?"

"நான் எங்க போனேன்? கிடந்து அதுவா சரியாச்சு."

சனிக்கிழமை அக்காவே என்னைக் கூட்டிப்போனார். மூலம், பவுத்திரம் என்று சிவப்பு எழுத்தில் போர்டு. டிகிரி எதுவும் எழுதியிருக்கவில்லை. முன்னறையில் நாலைந்து ஆண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. அலமாரியில் கண்ணாடிப் பாட்டில்கள். மஞ்சளாகிப்போன திரவத்தில் வெளுத்த சதைத் துண்டுகள் மிதந்தன. எடுத்த மூலங்களாம். ஒரு பாட்டிலின் மூடியைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது.

உள்ளே திரைக்குப் பின்னால் ரெக்சின் விரித்த கட்டில். ரெக்சின் கிழிந்து உள்ளேயிருந்த பஞ்சு பழுப்பாகியிருந்தது. முன்னால் படுத்தவர் விட்டுப்போன ஈரம் இன்னும் காயவில்லை. அந்த ஆள் பனியனோடு இருந்தார். கையுறை ஒன்றை வாளித் தண்ணீரில் அலசி, உதறி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"படுங்கம்மா. ஒரு மருந்து வச்சு, கயித்தக் கட்டி விட்டுட்டா போதும். தானா அழுகி விழுந்துடும்."

அழுகி என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொன்னார். வாளியைப் பார்த்தேன். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

அதற்குமேல் நான் நிற்கவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு வந்து, வெளியே சாக்கடை ஓரத்தில் குனிந்து ஓங்கரித்தேன். அக்கா பின்னாலேயே ஓடி வந்தார்.

"என்னாச்சு? ஏதாச்சும் பண்ணிட்டாரா?"

"அவரு பண்றதுக்கு முன்னாடியே வந்துட்டேங்க்கா. வாங்க போவோம்."

பஸ்ஸில் அக்கா முணுமுணுத்தார். "நான் உள்ள வந்து பாக்கல. மாமா நல்லாயிட்டாருன்னுதான் சொன்னாரு." கொஞ்ச தூரம் போனபிறகு, "மாமா இன்னைக்கி வரைக்கும் தரையில உட்கார்றதில்ல" என்று தானாகவே சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அடுப்படியில், அவர் முகத்தைப் பார்க்காமல், வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன். திரும்பிப் பார்த்தால் நிலைப்படியில் தலையைக் குனிந்து நின்றிருந்தார்.

"எனக்கும் இருக்கு."

"என்னது?"

"அதுதான். ரெண்டு வருஷமா இருக்கு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." என்று இழுத்தார். பிறகு வெளியே போய், ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து, பெட்ரோல் துடைக்கும் துணிக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு களிம்பு டியூபை எடுத்து வந்து நீட்டினார். பாதிக்குமேல் தீர்ந்து, வாயில் மஞ்சளாகக் காய்ந்து போயிருந்தது. "இந்தா, நீ போட்டுக்க. எரிச்சல் அடங்கும்."

அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அந்த டியூபின் வாயை இவருடைய விரல் எத்தனை தடவை தொட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். அந்தக் கையால்தானே எனக்குத் தைலம் தேய்த்தார். அந்தக் கையால்தானே தோசைக்கு மாவு கரைக்கிறார். என் முகம் போன போக்கை அவர் பார்த்துவிட்டார். டியூபை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அவரே லீவு போட்டு, "வா, தஞ்சாவூர்ல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. சர்ஜன். விசாரிச்சு வச்சிருக்கேன்" என்றார். ரயிலில் போனோம். இடம் காலியாக இருந்தும் நான் கதவோரம் நின்றேன். அவரும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் நர்ஸ் இருந்தார். சுத்தமான வெள்ளை விரிப்பு, புதுக் கையுறை. ஒருக்களித்துப் படுத்துச் சுவரைப் பார்த்தேன். அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"எப்ப வந்துச்சும்மா?"

"போன வாரம் ஆரம்பத்துலங்க. கேன்சருங்களா?"

"இல்ல. பயப்படாதீங்க. ஆசனவாயச் சுத்தி எல்லாருக்குமே ரத்தக்குழாய் இருக்கு. முக்கி முக்கி அது வீங்கிப்போச்சு. வீங்கினதுக்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியாயிருக்கு. வெளி மூலம். வெளித்தோலுக்கு உணர்ச்சி அதிகம், அதான் இந்த வலி. முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா கீறி எடுக்கறதப் பத்தி யோசிச்சிருக்கலாம். இப்ப வலி இறங்குதுல்ல?"

"கொஞ்சம் பரவால்லீங்க."

"அப்ப விட்டுடுவோம். தானா வத்திடும். நீங்க உடம்புக்கு வழி விட்டாப் போதும்."

வழி விடுவது எப்படி என்று சொன்னார். தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, கேழ்வரகு என்று சக்கை உள்ளதாகச் சாப்பிட வேண்டும். மலம் இளகுவதற்கு இசப்கோல் உமி. வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பு முங்க, பத்துப் பதினைந்து நிமிஷம், தினமும் ரெண்டு மூன்று வேளை உட்கார வேண்டும். அதில் உப்போ மஞ்சளோ கிருமிநாசினியோ வேண்டாம்.

"சோப்புப் போட்டுத் தேய்க்கறீங்களா?"

"ஆமாங்க. நெறைய."

"அதுதான் அரிக்குது. வெறும் தண்ணி போதும். துணியால ஒத்தி எடுங்க. செல்போன உள்ள எடுத்துட்டுப் போகாதீங்க. வந்தா உட்காருங்க, வரலைன்னா எந்திரிச்சு வந்துடுங்க. முக்கிய விஷயம், வர்றப்ப அடக்காதீங்க."

"ஆபீஸ்ல போற மாதிரி இல்லீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "இங்க வர்ற பொம்பளைங்கள்ல பாதிப் பேர் இதத்தான் சொல்றாங்க." பிறகு நிமிர்ந்து, "ரத்தம் போனா மட்டும், மூலம்தான்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. காட்டணும். காய்ச்சல் வந்தாலும், வலி திரும்பக் கூடினாலும் காட்டணும்" என்றார்.

அறை வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்: "எப்பவாச்சும் லேசா ரத்தம் பட்டா, டாக்டர்?"

"யாருக்கு? இவங்களுக்கா?"

அவர் தரையைப் பார்த்தார். டாக்டர் புரிந்துகொண்டார். "உள்ள வாங்க சார். கதவ மூடுங்க."

களிம்பு போட்டுக்கொண்டே இருந்ததைக் கேட்டு அவரை நன்றாகத் திட்டினார். ஒரு வாரத்துக்கு மேல் அந்த மாதிரிக் களிம்பு போட்டால் தோல் மெலிந்துவிடுமாம். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு நாள் வரச் சொன்னார். அந்தப் பரிசோதனைக்கு முதல் நாள் வீட்டுக்காரர் வயிற்றைக் காலி செய்யும் மருந்தைக் குடித்துவிட்டு வீட்டில் பட்ட பாட்டையும், என் வெள்ளை டைல்ஸ் பட்ட பாட்டையும் நான் எழுதப்போவதில்லை. உள் மூலம், ஆரம்ப நிலை, வேறு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. வெளியே வந்து மரத்தடியில் நின்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருஷமாக அவரும் புற்றுநோய் என்ற வார்த்தையைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

வைத்தியம் எளிதுதான். எனக்குத்தான் எளிதாக இல்லை. நீல நிறத்தில் அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்று வாங்கினேன். அதில் தண்ணீர் ஊற்றி உட்காரும்போது வலி கரைவது தெரியும். சுகமாகக்கூட இருக்கும். ஆனால் எழுந்த பிறகு அந்தத் தண்ணீரைப் பார்க்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவேன். இசப்கோல் கரைத்து உடனே குடிக்காமல் விட்டால் டம்ளரில் சளி மாதிரி கட்டிக்கொள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், அடுப்படித் தரையில் வீட்டுக்காரர் உட்கார்ந்து முளைக்கீரை அலசிக்கொண்டிருக்கிறார். நீல பேசினில்.

"ஏங்க! அது எதுக்கு உள்ளதுன்னு தெரியாதா?"

"கழுவித்தானே கவுத்து வச்சிருந்த?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "டாக்டர் கீரை சாப்பிடச் சொன்னாங்கன்னு..."

கீரையைக் குப்பையில் கொட்டினேன். பேசினைத் தெருவில் போட்டேன். அடுப்படித் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பிறகு, அடுத்த வேளைக்கு உட்கார பேசின் இல்லையே என்று நானே போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அன்று கீரை இல்லாமல் மோர்சோறுதான். அவர் பாவமாகச் சாப்பிட்டார்.

குறுவை நாற்றங்கால் பச்சை பிடித்த சமயம் கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது. வலி போய்விட்டது. நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தேன். ஆனால் அந்த இடத்தில் தோல் மட்டும் சின்னதாகத் தொங்கியது. திரும்ப டாக்டரிடம் போய், வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

"அது வெறும் தோல்தாம்மா. ஒரு தொந்தரவும் பண்ணாது. எதுக்கு வெட்டணும்?"

"அருவருப்பா இருக்குங்க."

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தண்ணீர் குடிக்க ஆரம்பித்ததும் வேறொரு சங்கடம். நடவு பார்க்க வயல் வயலாகப் போகும்போது முட்டும். அடக்கக் கூடாது. ஒரு நாள், வாய்க்கால் ஓரத்தில் இருந்த பெரிய வீட்டில் கேட்டேன். நிலக்காரர் வீடு. அந்த அம்மா என்னை எப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுவார், காபி தருவார்.

"உங்க பாத்ரூம் போயிக்கலாங்களா?"

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவர் கண் என் காலுக்கும் கொல்லைக் கதவுக்கும் போய் வந்தது. என் அம்மா அப்பா யார், எந்தத் தெரு என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். "வாங்க மேடம், அதுக்கென்ன" என்றார். நான் போய்விட்டு, தரையெல்லாம் தண்ணீர் ஊற்றி, பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்துவிட்டு வந்தேன். நன்றி சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுக்கும்போது, உள்ளேயிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. பினாயில் வாசம் தெருவரை வந்தது.

வேறு யார் வந்து போயிருந்தாலும் அவர் அப்படிச் செய்வாரா என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்கு யாராவது வந்து போனால் நானும் கழுவுவேன்தான். ஆனால் அவர்கள் தெரு திரும்பும்வரையாவது காத்திருப்பேன். உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கட்டியைத் தொட்ட அன்றுகூட அப்படிக் கூசவில்லை.

இப்போது அந்தப் பக்கம் போகிற நாட்களில், கடைசித் தெருவில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகிறேன். அரசாங்கம் கட்டிக்கொடுத்த சின்னக் கழிப்பறை. தகரக் கதவு. உள்ளே பல்லி இருக்கும், மூலையில் கறை இருக்கும். முதல் தடவை அந்தப் பெண் பதறிப்போய், "இருங்க மேடம், அலசி விட்டுடறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மூச்சை அடக்கிக்கொண்டு, சுவரைத் தொடாமல், ஆனால் அவசரப்படாமல் உட்கார்ந்தேன்.